அண்ணப் பிளவு அறுவை சிகிச்சைக்குப் பின் துளை விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இப்போது ஒன்பதாவது மாதம் நடக்கிறது. பிறக்கும்போதே இடப்பக்க உதடு, ஈறு, அண்ணம் (வாயின் மேற்கூரை) மூன்றிலும் பிளவு இருந்தது. உதட்டுக்கான அறுவை சிகிச்சை நான்காம் மாதத்தில் முடிந்தது; தழும்பும் நன்றாக ஆறிவிட்டது. அண்ணத்துக்கான அறுவை சிகிச்சையை ஒரு வயதை ஒட்டிச் செய்யலாம் என்கிறார்கள். ஆனால் எடை 6.8 கிலோவும் ஹீமோகுளோபின் 8.9-ம் மட்டுமே இருப்பதால், இரண்டையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், அதன் பிறகு தேதி தருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் கவலைக்குக் காரணம் என் நாத்தனார் மகள். அவளுக்கும் இதே குறைதான். வேறொரு ஊரில் அறுவை சிகிச்சை நடந்து, இரண்டாவது வாரத்தில் தையல் விட்டு, அண்ணத்தின் நடுவில் பச்சைப்பயறு அளவுக்குத் துளை விழுந்துவிட்டது. நான்கு வயதாகியும் பால் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. பேச்சும் மூக்கிலேயே கேட்கிறது. குழந்தையை அழவிட்டதால்தான் தையல் பிரிந்தது என்று என் நாத்தனாரை எல்லோரும் இன்றுவரை குறை சொல்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று வயது ஆகட்டும், குழந்தை தாங்கும் அளவுக்கு வளர்ந்த பின் பார்க்கலாம் என்று என் மாமியார் சொல்கிறார்.

துளை எதனால் விழுகிறது? அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எங்கள் பக்கம் செய்ய வேண்டியது என்ன? தள்ளிப்போடுவதில் நன்மை ஏதேனும் உண்டா? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அறுவை அரங்கத்துக்குள் நடப்பதை மருத்துவர்கள் யாராவது எழுதட்டும்; வீட்டில் உங்கள் கையில் இருப்பதை நான் எழுதுகிறேன்.

உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் பொறுப்பானவர்கள். உதட்டுப் பிளவுக்குப் பத்து வாரம், பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின் என்று ஒரு பழைய விதி உண்டு. அண்ணத்துக்கு வயதும் எடையும் வேறு என்றாலும், ஹீமோகுளோபின் பத்தாவது இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான இடங்களில் இன்றும் பார்க்கிறார்கள். அண்ணம் இரத்தம் மிகுதியாக ஓடும் இடம். அங்கே இரத்தச்சோகையோடு இறங்கினால் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் சிரமம், புண் ஆறுவதும் தாமதம்.

எடைக்கு முதலில் பால் கொடுக்கும் முறையைப் பாருங்கள். பிளவு உள்ள குழந்தையால் வாய்க்குள் உறிஞ்சும் விசையை உண்டாக்க முடியாது. ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போனால், குடித்ததில் பாதி அந்த உழைப்பிலேயே செலவாகிவிடும். குழந்தையைச் சாய்வாக உட்கார வைத்து, பாலாடை அல்லது சங்கின் நுனியைக் கடைவாய்ப் பக்கம் வைத்து, விழுங்க விழுங்கக் கொஞ்சமாகச் சாய்த்து ஊற்றுங்கள். இடையிடையே தோளில் போட்டு ஏப்பம் வரவையுங்கள். ஒன்பது மாதத்தில் கேழ்வரகுக் கூழ், பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழைத்த சாதம், முட்டை மஞ்சள் கரு எல்லாம் கொடுக்கலாம். அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் ஆட்டுச் சுவரொட்டியை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள். ஆனால் 8.9 என்பதை உணவால் மட்டும் ஏற்ற முடியாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை ஒருநாளும் விடாமல் கொடுக்க வேண்டும். அதைப் பாலோடு கலக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது மருந்தின் நிறம்தான். ஒரு வயதுக்குள் பசும்பாலை முதன்மை உணவாக்குவதும் இரத்தச்சோகைக்கு ஒரு காரணம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் சளி, இருமல், காய்ச்சல் எது வந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தத் தேதியை விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ என்று மறைத்துக் கூட்டி வருவது நடக்கிறது. சளி பிடித்த குழந்தைக்கு மயக்கத்தின்போது மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும். பின்னால் இருமி இருமித் தையலும் வருந்தும். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளி வைப்பார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த முதல் நாள் எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்து வருவது இயல்பு. ஆனால் குழந்தை தூக்கத்திலும் ஓயாமல் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, புது இரத்தம் வாயில் தெரிந்தாலோ உடனே கூப்பிட வேண்டும், ஏனென்றால் கசியும் இரத்தத்தைக் குழந்தை விழுங்கிவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாமலே போகும்.

மூன்றாம் நாளிலிருந்து அண்ணத்தின் இரு ஓரங்களிலும் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் படியும், வாயிலும் கொஞ்சம் வாடை அடிக்கும். சீழ் என்று நினைத்துத் துணியால் துடைக்கப் போவார்கள். அது சீழ் அன்று. புண் ஆறும்போது படியும் படலம். தானாகக் கரையும் தையல் நூல் நாக்கில் தொங்கினாலும் இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு நீராகவும் கூழாகவும் உள்ள உணவு போதும்: வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர், இளநீர். எல்லாம் ஆறியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிவில் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு கரண்டி கொடுத்தால் வாய் சுத்தமாகிவிடும். கரண்டி கீழ் உதட்டோடு நிற்கட்டும், உள்ளே போக வேண்டாம். பால் புட்டி, உறிஞ்சு குழல், முறுக்கு, பிஸ்கட், கூர்மையான பொம்மை எதுவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நாக்கில் உரைமருந்து தேய்ப்பது, விரலை விட்டுக் கோழை எடுப்பது, தொக்கம் எடுக்கிறேன் என்று யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுவது, இவை எல்லாவற்றையும் அந்த நாட்களில் அறவே நிறுத்திவிடுங்கள். புது அண்ணத்தின் மேல் ஒரு விரல் பட்டாலும் போதும்.

தையற்காரர் எழுதியது:

நான் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர். வார்டு அக்கா எழுதியதில் மாற்றுக் கருத்து எனக்குக் கிடையாது. துளை ஏன் விழுகிறது என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நாத்தனார் மேல் விழுந்திருக்கும் பழி நியாயமற்றது.

அண்ணத்தின் முன்பகுதி எலும்பாலான வல்லண்ணம். பின்பகுதி தசையாலான மெல்லண்ணம். பிளவை மூட வேண்டுமென்றால் வல்லண்ண எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் தடித்த சதைப் படலத்தை, அதற்கு உணவூட்டும் இரத்தக்குழாய் அறுபடாமல் உரித்தெடுத்து, இரு பக்கத்திலிருந்தும் நடுக்கோட்டுக்கு நகர்த்தித் தைக்க வேண்டும். மூக்குப் பக்கம் ஓர் அடுக்கு, வாய்ப் பக்கம் ஓர் அடுக்கு, மெல்லண்ணத்தில் இவ்விரண்டுக்கும் நடுவே தசை அடுக்கு. பிளவு அகலமாக இருந்து, படலத்தைப் போதுமான அளவு தளர்த்தாமல் இழுத்துத் தைத்தால், சிறுத்துப்போன சட்டையில் பொத்தானைப் பூட்டியது போலத்தான் அது நிற்கும். அந்த இழுவிசையில் விளிம்புகளுக்கு வரும் இரத்த ஓட்டம் நின்று, ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் விளிம்பு செத்துப் பிரிகிறது. வல்லண்ணமும் மெல்லண்ணமும் சேரும் இடத்தில் இழுவிசை மிகுதி, படலமும் மெல்லியது; ஆகவேதான் துளைகள் பெரும்பாலும் அங்கேயே விழுகின்றன. நீங்கள் சொல்லும் "நடுவில்" என்பதும் அந்த இடமாகவே இருக்கும். குழந்தை அழுவதால் நன்றாகப் போட்ட தையல் பிரிவதில்லை. எல்லாக் குழந்தைகளும்தான் அழுகின்றன.

இழுவிசையைக் குறைக்கத்தான் இந்தத் துறை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறது. ஜெர்மனியின் லாங்கன்பெக் 1861-ல் பற்களை ஒட்டி இரு பக்கமும் தளர்வுக் கீறல் போட்டுப் படலத்தை நகர்த்தும் முறையை வெளியிட்டார். இன்றும் அதை ஏதோ ஒரு வடிவில் செய்கிறோம். வார்டு அக்கா குறிப்பிட்ட மஞ்சள் படலம் அந்தக் கீறல் இடங்களில்தான் படிகிறது. மிக அகலமான பிளவுக்குக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து சதையையோ கொழுப்புத் திரளையோ இரத்த ஓட்டத்தோடு திருப்பிக் கொண்டுவந்து வைக்கலாம். சில மையங்களில் உதட்டைச் சரிசெய்யும்போதே மூக்கின் நடுச்சுவரிலிருந்து ஒரு படலத்தை எடுத்து வல்லண்ணத்தின் முன்பகுதியை மூடிவிடுகிறார்கள். அண்ண அறுவை சிகிச்சை நாளில் மீதமிருக்கும் பிளவு அதனால் குறுகியிருக்கும். உங்கள் மகனுக்கு அப்படிச் செய்திருக்கிறார்களா என்பது வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சுருக்க அறிக்கையில் இருக்கும்.

துளை விழவில்லை என்பதாலேயே அறுவை சிகிச்சை வெற்றி என்று கணக்கு வைக்க முடியாது. மெல்லண்ணத்தைத் தூக்கும் தசை, பிளவுள்ள குழந்தைகளுக்குக் குறுக்கே ஓடாமல் முன்பின்னாக ஓடி வல்லண்ணத்தின் விளிம்பில் போய் ஒட்டியிருக்கும். அதை அங்கிருந்து விடுவித்து, பின்னுக்குத் திருப்பி, இரு பக்கத் தசைகளையும் நடுவில் இணைத்தால்தான் பேசும்போது மூக்குப் பாதை மூடும். 1969-ல் ஜெர்மனியின் அறுவை சிகிச்சை நிபுணர் கிரீன்ஸ் வலியுறுத்திய இதை, இங்கிலாந்தின் சாமர்லாட் நுண்ணோக்கியின் கீழ் செய்யும் முறையாக வளர்த்தார். அமெரிக்காவின் ஃபர்லோ 1986-ல் வெளியிட்ட, இசட் வடிவக் கீறல்களால் அண்ணத்தை நீளமாக்கும் முறையும் பரவலாகச் செய்யப்படுகிறது. பிளவு மூடியிருந்தும் தசையைத் திருப்பாமல் விட்ட அண்ணத்தைப் பார்த்தால் அழகாக இருக்கும். பேச்சு மட்டும் மூக்கில் நிற்கும்.

இனி அரங்கத்துக்குள் நாங்கள் கவனிப்பவை. கீறும் இடத்தில் அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போட்டுக் காத்திருந்தால் இரத்தப்போக்கு வெகுவாகக் குறையும். இரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தும் உதவும். வாயைத் திறந்து பிடிக்கும் கருவி நாக்கை நெடுநேரம் அழுத்தினால் நாக்கு வீங்கி, பின்னர் மூச்சுப்பாதையை அடைக்கும். ஆகவே அதை இடையிடையே தளர்த்த வேண்டும். தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி, அவர்களுக்கு முதல் இரவு தீவிரக் கண்காணிப்பு அவசியம். தொண்டையில் வைத்த துணியை எடுத்தோமா என்று செவிலியர் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது சின்ன வேலைதான், ஆனால் அதை விட்டால் உயிருக்கே ஆபத்து. இதயத்தில் குறை இருக்கிறதா என்று முன்கூட்டியே எக்கோ எடுப்பதும் இதில் சேரும். அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள குழந்தைகளுக்குப் பிற பிறவிக் குறைகள் கூடவே இருக்கும் வாய்ப்பு அதிகம்.

நாத்தனார் மகளுக்கு ஒரு வார்த்தை. அந்தத் துளையை மூட முடியும். முதல் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு மாதமாவது விட்டு, திசு இளகிய பிறகு செய்வோம். அந்தக் காலம் அவளுக்குக் கடந்துவிட்டது. ஆனால் பேச்சு மூக்கில் கேட்பது துளையாலா, மெல்லண்ணம் தொண்டையின் பின்சுவரை எட்டாததாலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். துளையைத் தற்காலிகமாக அடைத்துவிட்டுப் பேச வைத்துக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். அந்தச் சோதனையைச் செய்யாமல் துளையை மட்டும் மூடினால், பால் மூக்கில் வருவது நிற்கும், பேச்சு அப்படியே இருக்கலாம்.

மூன்றாவது மாடி எழுதியது:

என் மகளுக்கும் அண்ணப் பிளவு அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கை மடங்காதபடி இரண்டு கைகளிலும் அட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அவள் பட்ட பாட்டில் அந்த அட்டைதான் பெரும்பாடு. தூங்கவில்லை, அழுதழுது பாலும் குடிக்கவில்லை. இதற்கு உண்மையிலேயே அவசியம் உண்டா? நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஐந்து நாள் கொடுத்தார்கள். பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு வேறு மருத்துவர்; அவர் அதையும் கொடுக்கவில்லை. ஒரே வார்டில் இரண்டு வழக்கம் இருந்தால் பெற்றவர்கள் எதை நம்புவது?

தையற்காரர் எழுதியது:

இரண்டும் நியாயமான கேள்விகள். சாமர்லாட் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், கைக்கட்டுப் போட்ட குழந்தைகளுக்கும் போடாதவர்களுக்கும் துளை விழுவதில் வேறுபாடு தென்படவில்லை. நான் கட்டுவதில்லை. விரல் சூப்பும் பழக்கம் விடாத குழந்தைக்குத் தூங்கும் நேரத்தில் மட்டும் கையுறை போடச் சொல்கிறேன். வேறு மருத்துவர் கட்டச் சொன்னால் காரணம் கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள். சிகிச்சை அளிப்பவர் அவர்.

மருந்து விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. கீறலுக்கு முன் ஒரு வேளை ஊசி மருந்து கொடுப்பதில் பெரிய சர்ச்சை கிடையாது. பின்னால் ஐந்து நாள் கொடுப்பதைப் பற்றி இந்தியாவிலேயே அமாக்ஸிசிலினையும் மருந்தில்லாத போலி மருந்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது; மருந்து கொடுத்த பிரிவில் துளைகள் குறைவாகக் காணப்பட்டன. பலரும் பின்தொடர்வதற்கு அது ஒரு காரணம். அகலமான பிளவு, சத்துக் குறைந்த குழந்தை என்றால் நான் கொடுக்கிறேன், மற்றவர்களுக்கு இல்லை. ஒரே வார்டில் இரண்டு வழக்கம் இருந்ததற்கு இதுவே விளக்கமாக இருக்கலாம்.

பேராதனை எழுதியது:

வணக்கம். நான் இலங்கையில் பல் சீரமைப்புத் துறையில் பணிபுரிபவன். தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு எங்கள் நாட்டிலிருந்தே ஒரு நல்ல விடை உண்டு என்பதால் எழுதுகிறேன்.

1984-ல் மைக்கேல் மார்ஸ் என்ற பிரித்தானியப் பல் சீரமைப்பு நிபுணர் இலங்கையில் ஒரு நீண்டகாலத் திட்டத்தைத் தொடங்கினார். பிளவோடு பிறந்து, சத்திரசிகிச்சை எதுவுமின்றியே வாலிபர்களாகவும் நடுவயதினராகவும் வளர்ந்தவர்கள் அந்நாளில் தென்னிலங்கைக் கிராமங்களில் பலர் இருந்தார்கள். அவர்களுடைய தாடைகளை அளந்து பார்த்தபோது, மேல்தாடை வளர்ச்சி ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. மேலை நாடுகளில் குழந்தைப் பருவத்திலேயே சத்திரசிகிச்சை பெற்றவர்கள் பலருக்கோ மேல்தாடை பின்தங்கி, முகத்தின் நடுப்பகுதி குழிந்திருந்தது. ஆக, வளர்ச்சி குன்றுவதற்குக் காரணம் பிளவு மட்டுமன்று. எலும்பின் மேல் நாம் விட்டுவைக்கும் தழும்பும் ஒரு காரணம் என்பது தெளிவானது.

இதை மட்டும் கேட்டால் உங்கள் மாமியார் சொல்வது சரி என்று தோன்றும். ஆனால் அதே திட்டத்தில் பேச்சை ஆராய்ந்தவர்கள் மறுபக்கத்தையும் கண்டார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல் அண்ணத்தை மூடிக்கொண்டவர்களின் பேச்சு, மூடிய பின்னும் பெரிதாகத் திருந்தவில்லை. தவறான இடத்திலிருந்து ஒலியை எழுப்பும் பழக்கம் அதற்குள் ஊறிப்போயிருந்தது. தாடை பின்தங்கினால் வளர்ச்சி முடிந்த வயதில் எலும்பை முன்னகர்த்திச் சரிசெய்ய வழி உண்டு. இழந்த பேச்சை அப்படித் திருப்பித் தர வழி இல்லை.

அண்மைய ஆய்வொன்றையும் சொல்லலாம். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலுமாக, அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறாம் மாதத்திலும் மறு பிரிவுக்குப் பன்னிரண்டாம் மாதத்திலும் ஒரே முறைப்படி சத்திரசிகிச்சை செய்து, ஐந்து வயதில் பேச்சைச் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. பேசும்போது மெல்லண்ணம் மூக்குப் பாதையைச் சரியாக மூடாததால் வரும் குறை ஆறு மாதப் பிரிவில் நூற்றுக்கு 8.9 பேருக்கும், பன்னிரண்டு மாதப் பிரிவில் 15 பேருக்கும் இருந்தது. சத்திரசிகிச்சைச் சிக்கல்கள் இரண்டிலும் சிலவே. ஆனால் அந்தக் குழந்தைகள் ஆரோக்கியமானவர்கள், சிகிச்சை நடந்த இடங்களும் வசதி மிக்கவை. உங்கள் மகனுக்கு உதடும் ஈறும் சேர்ந்து பிளந்திருக்கின்றன, இரத்தச்சோகையும் உண்டு. ஆகவே அந்த எண்களை அப்படியே அவருக்குப் பொருத்தக் கூடாது. இரத்தமும் எடையும் ஏறும்வரை சில வாரங்கள் காத்திருப்பது வேறு, இரண்டு மூன்று வயதுவரை சும்மா காத்திருப்பது வேறு. முன்னது சிகிச்சையின் ஒரு பகுதி. பின்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஈறுப் பிளவு இருப்பதால், எட்டு முதல் பதினொரு வயதுக்குள், கோரைப்பல் முளைப்பதற்கு முன், இடுப்பெலும்பிலிருந்து எலும்புத்தூள் எடுத்து அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கும். அதுவரை பால் பற்களைச் சொத்தையில்லாமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தையற்காரர் ஐயா எழுதியதை என் நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பகுதியைத் தன் வீட்டுக்காரருக்கும் அனுப்பச் சொன்னார்.

இன்னும் சில ஐயங்கள். என் மகனுக்குக் காதில் நீர் கோத்திருக்கிறது என்று உதட்டு அறுவை சிகிச்சையின்போதே சொன்னார்கள். அதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமா? பேச்சுப் பயிற்சியை எப்போது தொடங்க வேண்டும்? எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம் ஆகும். எத்தனை நாள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும்?

வல்லினம் எழுதியது:

பேச்சு, செவித்திறன் சிகிச்சையாளராகப் பதில் சொல்கிறேன். காதையும் அண்ணத்தையும் தனித்தனியாகப் பார்க்கவே முடியாது. நடுக்காதுக்குக் காற்று போகும் குழாயைத் திறந்துவிடும் தசை அண்ணத்தோடு சேர்ந்தது. பிளவில் அது சரியாக இயங்காததால் அண்ணப் பிளவுள்ள குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடுக்காதில் நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வராது, ஆகவே வீட்டில் யாருக்கும் தெரியாது. குழந்தைக்கு மட்டும் உலகம் மந்தமாகக் கேட்கும். அறுவை சிகிச்சைக்கு முன் செவித்திறன் சோதனை செய்து, தேவைப்பட்டால் அதே மயக்கத்தில் காது மருத்துவர் கிரோமெட் என்னும் சிறு குழாயை வைத்துவிடலாம். ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையும் முடியும்படி இரு மருத்துவர்களையும் முன்கூட்டியே பேசவைப்பது பெரும்பாலும் பெற்றவர்கள் கேட்டால்தான் நடக்கிறது. கேளுங்கள்.

பயிற்சிக்கு வயது பார்க்க வேண்டாம், இப்போதே தொடங்கலாம். அண்ணம் மூடாத குழந்தைக்கு ம, ந போன்ற மெல்லின ஒலிகள் எளிதாக வரும். வாய்க்குள் காற்றை அடைத்து வெடிக்க வேண்டிய ப, த, ட, க வராது. 'பாப்பா' என்று நீங்கள் சொன்னால் 'மாம்மா' என்று திருப்பிச் சொல்லும். வராத ஒலிக்காகக் கட்டாயப்படுத்தினால் குழந்தை தொண்டைக்குள்ளேயே இறுக்கி ஓர் ஒலியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் அண்ணம் மூடிய பிறகும் போகாது. அதை மாற்றுவதுதான் எங்கள் வேலையிலேயே கடினமான வேலை. ஆகவே இப்போது அவன் எழுப்பும் ஒலிகளையே திருப்பிச் சொல்லி விளையாடுங்கள், மெல்லினச் சொற்களை நிறையப் பேசுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவர் புண் ஆறிவிட்டது என்று சொன்ன பின், ப-வில் தொடங்கும் சொற்களைக் கொண்டுவரலாம். அப்போது மூக்கின் கீழே ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து 'பா பா' என்று சொல்ல வையுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று இன்னும் மூக்கில் கசிகிறது என்று பொருள். ஒருமுறை படிந்ததைப் பார்த்துப் பதற வேண்டாம், புது அண்ணம் வேலையைக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். ஆனால் மூன்று வயதிலும் அப்படியே இருந்தால் பள்ளிக்குப் போவதற்கு முன் மறுபடி அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

தையற்காரர் எழுதியது:

தங்குவது பற்றி. பெரும்பாலான இடங்களில் குழந்தை போதுமான அளவு குடிக்கத் தொடங்கி, சிறுநீர் ஒழுங்காகப் போனால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் இரத்தப்போக்கு முதல் 24 மணி நேரத்தில் மட்டும் வருவதில்லை. அரிதாக ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்ளும் வரலாம். நான்கு மணி நேரப் பயணம் உள்ளவர்களை ஒரு வாரம் பத்து நாளாவது மருத்துவமனைக்கு அருகிலேயே உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கச் சொல்வது என் வழக்கம். அதற்கு வழியே இல்லை என்றால், உங்கள் ஊருக்கு அருகில் இரவிலும் மயக்க மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்று முன்பே விசாரித்து, சுருக்க அறிக்கையைக் கையில் வைத்திருங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒன்று. பிரிட்டனில் 1998-ல் அரசு அமைத்த ஆலோசனைக் குழு, அந்நாட்டில் 57 மருத்துவமனைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிளவு அறுவை சிகிச்சை செய்துவந்ததையும், விளைவுகள் மோசமாக இருந்ததையும் எடுத்துக்காட்டி, அதை 8 முதல் 15 மையங்களுக்குள் குவிக்கச் சொன்னது. அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருத்துவர், பல் சீரமைப்பு, பேச்சு, காது எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்து, வேலையும் தொடர்ந்து நடக்கும் இடத்தில் சிக்கல் குறைவு. ஆகவே பெரிய கட்டடத்தைப் பார்க்காதீர்கள்; ஆண்டுக்கு எத்தனை அண்ணப் பிளவு செய்கிறீர்கள், எத்தனை பேருக்குத் துளை விழுந்தது, ஐந்து வயதில் பேச்சைச் சோதிக்கிறீர்களா என்று கேளுங்கள். நல்ல இடங்களில் துளை விழுவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக்குள் இருக்கும். எங்களிடம் துளையே விழாது என்று யாராவது சொன்னால், அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், பிளவு அறுவை சிகிச்சை 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மாவட்டத்திலுள்ள ஆரம்ப இடையீட்டு மையத்தில் பதிந்துகொண்டால் பரிந்துரை கிடைக்கும். பேச்சுப் பயிற்சிக்கும் அங்கேயே கேட்கலாம், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்காது.

வார்டு அக்கா எழுதியது:

சகோதரி, விட்டுப்போன ஒன்று. ஒன்பது மாதத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்றா? போடவில்லை என்றால் ஒன்பது மாதம் நிறைந்ததும் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள். எடை ஏறும் வரை எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். அறுவை சிகிச்சைக்கு நெருக்கத்தில் போட்டால், வரும் காய்ச்சல் ஊசியாலா கிருமியாலா என்று தெரியாமல் தேதி தள்ளிப்போகும். போட்ட தேதியை மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை அன்று வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய நேரத்தையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்: தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், மற்றப் பாலுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. இரவு பத்து மணியிலிருந்தே பட்டினி போட்டு, மறுநாள் மதியம் வரை குழந்தையை வாடவிட வேண்டியதில்லை.